ஓடுகிறாரா, நிற்கிறாரா?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்திலிருந்து ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ரன்’ என்ற சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தருகிறதாம். நம் ‘ஓடு’வுக்கு இருபது தேறினாலே பெரிது. தமிழின் சொல்வளம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் வெறும் பெருமைதானா? இன்னொரு சிக்கல். ‘ரன்’, ‘மேனேஜ்’, ‘ஆபரேட்’ மூன்றுக்கும் ஆங்கிலத் தமிழ் அகராதிகளில் நடத்து, இயக்கு, நிர்வகி என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே வைப்பது? கதையில் ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். என் முதல் வரைவில் அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

645 என்ற கணக்கு சரிதான். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, 430 பொருள்களோடு. பிறகு இணையப் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டு வந்தபோது, 2011 வாக்கில் ‘ரன்’ அதை முந்திவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஒரு பதிவை முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து மொழியின் வளத்தை அளக்க முடியாது. அகராதிக்காரர் எவ்வளவு நுணுக்கி வெட்டுகிறார் என்பதைத்தான் அது காட்டும். ஆறு ஓடுவது ஒரு பொருள், மூக்கு ஒழுகுவது ஒன்று, துணியில் சாயம் இறங்குவது ஒன்று, பேருந்து குறித்த நேரத்துக்கு ஓடுவது ஒன்று என்று அங்கே தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். அதே கத்தியை ‘ஓடு’வில் வைத்துப் பாருங்கள், இருபதில் நிற்காது. மூளை ஓடவில்லை என்கிறோம். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்கிறோம். கால் ஓடும், கை எப்படி ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனி நட்டத்தில் ஓடுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆங்கிலத்திலும் ‘ரன்’தான்.

‘படம் ஓடவில்லை’ என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு நாடகம் இத்தனை வாரம் ‘ரன்’ ஆயிற்று என்பார்கள். வாரக்கணக்கைச் சொல்லாமல் படம் ‘ரன்’ ஆகவில்லை என்று மொட்டையாகச் சொன்னால், புரொஜெக்டர் கோளாறு என்றுதான் கேட்பவர் நினைப்பார். நமக்கு அந்தக் கணக்கே வேண்டாம். படம் ஓடியது என்றால் வெற்றி, ஓடவில்லை என்றால் தோல்வி. 645இல் இது இருக்காது.

சரி, ‘ரன்’ ஏன் இவ்வளவு பெருத்தது? ஒரு முக்கியக் காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. நம்மிடம் ஓடு, ஓட்டு என்று இரண்டு உண்டு. நட, நடத்து. இயங்கு, இயக்கு. தானாக நடப்பதற்கு ஒன்று, இன்னொருவர் நடக்கச் செய்வதற்கு ஒன்று. பழைய ஆங்கிலத்திலும் ஓடுவதற்கு ஒரு வடிவம், ஓட்டுவதற்கு வேறொரு வடிவம் என்று இருந்தன. பிற்காலத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஆகவே குதிரை ஓடுவதும் ‘ரன்’, அதை ஒருவர் பந்தயத்தில் ஓடவிடுவதும் ‘ரன்’. நாம் இரண்டு கணக்கில் எழுதுவதை அவர்கள் ஒரே கணக்கில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’, ‘ரன் டவுன்’ என்று வால் சேர்த்துச் சேர்த்து ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. நாம் அதற்கெல்லாம் தீர்ந்துபோ, எதிர்ப்படு, இழிவாகப் பேசு என்று புதுச்சொல்லுக்குப் போய்விடுவோம்.

இன்னொரு காரணம் தண்ணீர். அந்தச் சொல்லின் வேரிலேயே கால் ஓட்டமும் நீரோட்டமும் சேர்ந்தே இருந்தன. ஜெர்மனில் அதன் உறவுச்சொல்லான ‘ரின்னென்’ இன்று நீர் வழிவதற்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது; காலால் ஓடுவதற்கு ‘ரென்னென்’ என்று வேறு சொல். ஆங்கிலம் இரண்டையும் விடவில்லை. அதனால்தான் அவர்களுக்குக் குழாயும் ‘ரன்’, மூக்கும் ‘ரன்’, சாயமும் ‘ரன்’. நீங்கள் மொழிபெயர்க்கும்போது நீர் சம்பந்தப்பட்ட இடமா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் ஒழுகு, வழி, கசி, பாய் என்று நம்மிடம் நிறையவே இருக்கிறது, ‘ஓடு’வைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்று சொற்கள். ‘ஆபரேட்’ எளிது. வேலை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொத்தானோ கைப்பிடியோ இருக்கும் இடங்களில் ‘இயக்கு’ என்று போட்டால் பெரும்பாலும் பொருந்தும்.

‘ரன்’, ‘மேனேஜ்’ இரண்டும்தான் சுவாரசியமானவை. ஒருவர் கடையை ‘ரன்’ செய்கிறார் என்றால் தமிழில் அவர் கடை நடத்துகிறார். அங்கே ஓடுவது இங்கே நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் நம் கட்சி. அவர்களுக்குக் கடிகாரமும் எந்திரமும் சரியாக வேலை செய்தால் அவை ‘நடக்கின்றன’. ஆனால் நாம் எப்போதும் நடத்துவதில்லை, சில சமயம் ஓட்டவும் செய்கிறோம். ‘கடை நடத்துகிறேன்’ என்பவர் தொழிலைச் சொல்கிறார். ‘ஏதோ கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்பவர் நிலைமையைச் சொல்கிறார். குடும்பம் நடத்துவதற்கும் குடும்பத்தை ஓட்டுவதற்கும் அதே வித்தியாசம். ஓட்டுவதில் ஒரு மூச்சிரைப்பு இருக்கிறது. இன்றைக்கு எப்படியோ தள்ளிவிட்டோம், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை இருக்கிறது.

இந்தச் சாயல் ஆங்கில ‘ரன்’னில் கிடையாது. எங்கே இருக்கிறது தெரியுமா? ‘மேனேஜ்’ என்ற சொல்லில். அது இத்தாலிய மொழி வழியாக, குதிரையைக் கையாளும் பயிற்சியைக் குறித்து வந்த சொல். வேர் லத்தீனில் ‘கை’. அலுவலகத்தில் அது நிர்வாகம்தான். ஆனால் கஷ்டத்தில் இருக்கும் ஒருவரை நலம் விசாரித்தால் அவர் ‘ஐயம் மேனேஜிங்’ என்பார். அந்த இடத்தில் ‘நிர்வகிக்கிறேன்’ என்று எழுதினீர்களோ, கதை செத்தது. ‘ஏதோ ஓடுது’ என்று எழுதுங்கள், ‘சமாளிக்கிறேன்’ என்று எழுதுங்கள். அதாவது, பல இடங்களில் அவர்களுடைய ‘ரன்’னுக்கு நம்முடைய ‘நடத்து’, அவர்களுடைய ‘மேனேஜு’க்கு நம்முடைய ‘ஓட்டு’. அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் இது அகப்படாது. பேசுகிறவர் அந்த நேரத்தில் சிரமப்படுகிறாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டால் அகப்படும்.

கடைசியாக, ஓடிக்கொண்டே இருக்கும் உங்கள் வேட்பாளர். அவர் அமெரிக்கராக இருக்க வேண்டும், ஏனென்றால் தேர்தலில் ‘ரன்’ செய்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேட்பாளர் தேர்தலுக்கு ‘ஸ்டாண்ட்’ செய்வார். தமிழிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். ஆக, அவரை உட்காரவைக்கவும் வேண்டாம், ஓடவிடவும் வேண்டாம். கதைசொல்லியின் குரலில் வந்தால் ‘போட்டியிடுகிறார்’ என்று போடுங்கள். வேறொரு பாத்திரம் அவரைப் பற்றி வம்பு பேசும் இடமென்றால் ‘இந்தத் தடவையும் நிக்கிறாராமே’ என்று எழுதிவிடுங்கள்.