கடலுக்குள் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் சப்ளை கப்பல் எங்கே இருக்கிறது, அதன் திறன் என்ன என்று எப்படிப் பார்ப்பது?

பெயரை வைத்துத் தேடாதீர்கள். இந்தக் கப்பல்கள் கைமாறும்போது பெயர் மாறும். கொடி (பதிவு செய்த நாடு) மாறினால், கப்பலின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் மாறும் (இந்தியக் கொடி என்றால் 419இல் தொடங்கும்). சர்வதேச கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. கிடைத்த எண் சரியா என்று பார்க்க, முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729க்கு 63+0+35+16+21+4 = 139. கூட்டலின் கடைசி இலக்கம் 9, எண்ணின் கடைசி இலக்கமும் 9, சரி.

கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் தானாக அனுப்பும் முறைக்கு ஏ.ஐ.எஸ். என்று பெயர். மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் ஆகிய இணையதளங்கள் இரண்டிலும் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் கரை ஏ.ஐ.எஸ். நிலையங்கள் பிடிப்பதுதான். அவற்றுக்கு எட்டும் தூரம் பொதுவாக 40 கடல் மைல். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கி.மீ., அதாவது 86 கடல் மைல். மும்பை அருகே உள்ள நாவா தளத்திலிருந்து 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போகிற கப்பல் நாலைந்து மணி நேரத்தில் வரைபடத்தில் அப்படியே நின்றுவிடும். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிக்னல்தான் கரைக்கு எட்டவில்லை. அதனால் இடத்தைப் பார்க்கும் முன் 'கடைசியாகக் கிடைத்த நேரம்' என்ன என்று பாருங்கள். அதற்கு அப்பால் செயற்கைக்கோள் ஏ.ஐ.எஸ். வேண்டும், அது பெரும்பாலும் கட்டணச் சேவை.

இடமும் வேகமும் ஜி.பி.எஸ்.ஸிலிருந்து தானாக வரும். போகுமிடம், கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், 'நிலை' மூன்றையும் கப்பலில் ஒருவர் கையால் மாற்ற வேண்டும். பல நேரம் பழையதே கிடக்கும். 'இயந்திரத்தில் பயணம்' என்று இருந்து வேகம் 0.1 நாட் காட்டினால், தளத்தின் பக்கத்தில் டி.பி.யில் (கணினி உந்திகளை இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் முறை) நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருக்கலாம்.

திறன் விவரத்துக்கு ஏ.ஐ.எஸ்.ஸை நம்பவே கூடாது. உரிமையாளர், கொடி, கிளாஸ் (தரச்சான்று தரும் அமைப்பு) எல்லாம் ஈக்வாசிஸ் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்தால் கிடைக்கும். டெக் (மேல்தளம்) பரப்பு, துளையிடப் பயன்படும் சேற்றுக் கலவைக்கான தொட்டி, சிமென்ட் தொட்டி அளவுகளுக்கு உரிமையாளரின் ஸ்பெக் ஷீட்தான் வழி. அதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று: டெக் 900 சதுர மீட்டர், தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 5 டன் என்றால் 4,500 டன் ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 5 டன் தகட்டின் வலிமை மட்டும். மொத்தமாக எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கப்பலின் நிலைத்தன்மை தீர்மானிக்கும். அது 'டெக் கார்கோ' என்று தனியாக இருக்கும், பெரும்பாலும் வெகுவாகக் குறைவு. கப்பல் சுமக்கும் மொத்த எடையான டெட்வெயிட்டும் அது அல்ல. எரிபொருள், தண்ணீர், சேறு எல்லாம் டெட்வெயிட்டுக்குள் அடக்கம்.