கீசர் சூடாகவில்லை, ட்ரிப் ஆகிறது, ஷாக் அடிக்கிறது: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் கீசரும் வீட்டு வயரிங்கும்தான் என் வேலை. மழை தொடங்கியதும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலரும் பழுது எங்கே என்று பார்க்காமலே பாகத்தை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். கரண்ட் எது வரைக்கும் வந்து எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைக் கழற்றாதீர்கள். கரண்டோடு அளக்க வேண்டிய இடத்தில் பழகிய வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சார், கீசரில் லைட் எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் (தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்டை நிறுத்தும் பாகம்) மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (ராயபுரம்)

எந்த லைட் என்று பாருங்கள். பல மாடல்களில் இரண்டு உண்டு, ஒன்று கரண்ட் வந்தாலே எரியும், இன்னொன்று தண்ணீர் சூடாகும்போது மட்டும். அந்த இரண்டாவது லைட் எரிந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், அதை மாற்றிப் பிரயோஜனமில்லை. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் இரண்டு வயரையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டணும், 3000 வாட் என்றால் 17, 18. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போச்சு. சரியாகக் காட்டினால் வயர் முனையைப் பாருங்கள். உங்கள் ஏரியா கடல் காற்றுக்கு முனை பச்சை பூத்துவிடும், பார்க்க மாட்டினது மாட்டினபடி இருக்கும், தொட்டு ஆட்டினால் கையோடு வரும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புது லக் (வயர் முனையில் அடிக்கும் உலோகத் துண்டு) அடித்தாலே சரியாகிவிடும்.

அண்ணா, கீசர் சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு. ஆனா மிக்சி போட்டா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்) ட்ரிப் ஆகுது. மிக்சியை ரெண்டு கடையில காட்டிட்டோம், நல்லா இருக்குன்னு சொல்றாங்க. (தண்டையார்பேட்டை)

மிக்சி மேல் தப்பில்லை அம்மா. கீசரின் பிளக்கையே பிடுங்கிவிட்டு மிக்சியைப் போட்டுப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் பழுது கீசரில்தான்.

காரணம் இதுதான். சுவரில் இருக்கிற சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் காயிலோடு சேர்ந்தபடியே இருக்கும். போர் தண்ணீரில் காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து, சூடு வெளியே போக வழியில்லாமல் காயில் உறை வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனதும் காயிலுக்கும் எர்த்துக்கும் ஒரு பாதை உண்டாகிவிடும். மிக்சியிலிருந்து நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டில் கொஞ்சம் அந்தப் பாதையில் எர்த்துக்கு ஓடும். போன கரண்டும் வந்த கரண்டும் ஒத்துப்போகாததை ஆர்சிசிபி கண்டுபிடித்து வெட்டுகிறது. வீட்டில் போடுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டுகிற வகை, அதனால் இந்தச் சின்னக் கசிவே அதற்குப் போதும். உறுதி செய்ய 500 வோல்ட் மெகரில் (கூடுதல் வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) காயில் முனைக்கும் பாடிக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்றுங்கள். சாதா மல்டிமீட்டர் இதில் ஏமாற்றும், அதன் பேட்டரி வோல்ட்டுக்குக் கசிவு தெரியாமல் போகலாம். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

குளிக்கும்போது குழாயைத் தொட்டா சுருக்குனு அடிக்குது. வாடகை வீடு, ஓனர் ஒண்ணும் ஆகாதுங்கிறார். (வியாசர்பாடி)

இன்றைக்கே கீசர் பிளக்கைப் பிடுங்குங்கள் தம்பி, சரிபார்க்கும் வரை போடவே வேண்டாம். இதில் இரண்டு பழுது சேர்ந்திருக்கும், காயிலில் கசிவு, சாக்கெட்டில் எர்த் இல்லை. எர்த் இருந்திருந்தால் கரண்ட் அந்த வழியே போயிருக்கும். பழைய போர்ஷன் வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. அதைவிட மோசம், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்திருப்பார்கள். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஓனரிடம் வயர்மேனைக் கூட்டிப் போய்ச் சாக்கெட்டைத் திறந்தே காட்டுங்கள்.

சாயங்காலம் மட்டும் சூடாக ரொம்ப நேரம் ஆகுது. (திருவொற்றியூர்)

வோல்டேஜ் குறைந்திருக்கும். 230க்குப் பதில் 190 வந்தால் 2000 வாட் காயில் 1365 வாட்தான் கொடுக்கும். காலையில் சரியாக இருந்தால் கீசரில் கை வைக்க வேண்டாம்.

அண்ணே, எருக்கஞ்சேரி பையன், இப்போ இங்கிலாந்துல இருக்கேன். குழாயில சுடுதண்ணி வருது, ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர் மட்டும் ஜில்லுனு இருக்கு. பாய்லர் போச்சா? (லீட்ஸ்)

தண்ணீர் டேங்க்கை அந்தப் பாய்லர்தான் சூடாக்குகிறது என்றால் அது நன்றாகவே இருக்கிறது தம்பி. ரூம் தெர்மோஸ்டாட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். டேங்க்குக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என்று இரண்டு மோட்டார் வால்வு இருக்கிற அமைப்பில், தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ரேடியேட்டர் வால்வின் பிரவுன் வயரில் கரண்ட் வரணும், மோட்டார் சுற்றி வால்வு திறக்கணும், திறந்து முடித்ததும் உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் ஆரஞ்சு வயருக்குக் கரண்ட் கொடுத்துப் பாய்லரைக் கிளப்பணும். பிரவுனில் வரவில்லை என்றால் பழுது தெர்மோஸ்டாட் பக்கம். பிரவுனில் வந்தும் வால்வு அசையாவிட்டால் மோட்டார். வால்வு திறந்தும் ஆரஞ்சில் வராவிட்டால் அந்தக் குட்டி சுவிட்ச். தெர்மோஸ்டாட்டைக் குறைத்தாலும் கிரே வயரில் கரண்ட் நிற்கும், மெயினை வெட்டாமல் கை வைக்காதீர்கள். பாய்லர் மூடியைத் திறப்பது அங்கே கேஸ் பதிவு பெற்றவரின் வேலை.

கீசர் அடியில் இருக்கிற ரீசெட் பட்டனை அமுக்கினால் ஓடுகிறது, இரண்டு நாளில் மறுபடி நிற்கிறது. பட்டனை நிரந்தரமாக ஷார்ட் பண்ணிவிடலாமா? (பெரம்பூர்)

கூடவே கூடாது சார். அது தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கும்போது வெட்டுகிற கட்-அவுட். மறுபடி மறுபடி வெட்டினால் தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அதன் சென்சார் குழலிலிருந்து வெளியே வந்திருக்கலாம். கட்-அவுட்டும் இல்லாமல் பிரஷர் வால்வும் உப்பில் அடைத்திருந்தால் டேங்க் வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை மாற்றி, வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா பார்த்துவிட்டு அப்புறம் பட்டனை அமுக்குங்கள்.