ஏற்றத்தில் முழங்கால் கெஞ்சுகிறது: என் சைக்கிளுக்கு எந்த கியர் பொருந்தும்?

உங்கள் சைக்கிளில் முன்னால் 53, 39 பற்கள் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள் (53/39), பின்னால் 11 முதல் 25 பற்கள் வரை பல பற்சக்கரங்கள். 8 சதவீத ஏற்றம் வந்தால் முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள். இதே அமைப்போடு நானும் மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். பலம் இருந்ததால் அல்ல, வீம்பினால்.

முதலில் ஒரு கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு உங்களைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 67 நியூட்டன். டயர் உராய்வையும் சேர்த்தால் 71. விடாமல் 150 வாட் தரக்கூடிய ஒருவர் அங்கே மணிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகத்தில்தான் ஏற முடியும். எந்த கியரைப் போட்டாலும் அந்த வேகம் பெரிதாக அதிகரிக்காது. அதே வேகத்துக்குக் கால் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதைத்தான் கியர் தீர்மானிக்கிறது.

சாலை சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். உங்களுடைய மிக இலகுவான கியரான 39/25-இல் (முன்னால் 39 பல், பின்னால் 25 பல்) 7.5 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 38 மிதிச்சுற்றுதான் வரும். 34/28 என்றால் 49. 34/34 என்றால் 60. 30/34 என்றால் 67. அதே வாட்டை 76 சுற்றில் தருபவரைவிட, 38 சுற்றில் தருபவர் மிதியை இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். முழங்கால் கெஞ்சாமல் என்ன செய்யும்? உட்கார்ந்தபடி ஏறும்போது 60-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். ஆகவே, உங்கள் பாதையின் மிகக் கடினமான ஏற்றத்தை வைத்து அடிக் கியரை, அதாவது மிக இலகுவான கியரை, முடிவு செய்யுங்கள். உங்கள் எடையும் வாட்டும் வேறாக இருந்தால் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மேல் கியரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 50/11-இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கி.மீ.க்கு மேல் போகும். சமதளத்தில் நம்மில் எத்தனை பேருக்கு அது கைகூடும்? இறக்கத்தில் நான் மிதிப்பதையே நிறுத்திவிடுகிறேன்.

ஏற்றமே இல்லாத பாதையில் மட்டும் ஓட்டுபவருக்கு நான் பின்னால் 11–34 சொல்லமாட்டேன். அதில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையே தாவல் பெரிது. எதிர்காற்றில் ஒரு கியர் கனமாகவும் அடுத்தது வெறுமையாகவும் இருக்கும். அவருக்கு 11–28 போதும். உங்களுக்கோ முன்னால் 50/34, பின்னால் 11–34.

மாற்றுவதற்கு முன், பின்னால் செயினை நகர்த்தும் கருவி (டீரெய்லர்) 34 பற்களைத் தாங்குமா என்று பாருங்கள். செயின் நீளத்தையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முன்னாலும் பின்னாலும் பெரிய பற்சக்கரத்தில் செயினைப் போட்ட முதல் தடவையே அது கம்பிபோல் விறைத்துக்கொண்டது. நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.