முழங்கால் வலிக்கு ஓய்வுதான் மருந்தா?

கேள்வி: என் மாமியாருக்கு 69 வயது. பாலக்கோடு அருகே எங்கள் தோட்டத்தில் தக்காளி பறிப்பது முதல் மாட்டுக்குத் தீவனம் வைப்பது வரை எல்லா வேலையும் செய்துவந்தார். முழங்கால் வலி வந்த பிறகு, ஓராண்டாக நாங்கள் அவரை எந்த வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் வலி குறையவில்லை. இப்போது தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்தால்தான் எழ முடிகிறது. கழுத்தும் இடுப்பும் விறைப்பாக இருப்பதாகச் சொல்கிறார். சென்ற மாதம் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார்; நல்லவேளையாக அடி எதுவும் இல்லை. அவர் நடக்கலாமா, ஓய்விலேயே இருக்க வேண்டுமா? மறுபடியும் தோட்டத்துக்கு வருவேன் என்கிறார்.
வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் மாமியார் நடக்கலாம், கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் நடைக்கும் முன்னதாக அவருக்குத் தேவைப்படுவது தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி. அக்கறையினால்தான் அவர் கையிலிருந்த வேலைகளை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். வலியுள்ள மூட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். காயம் பட்ட சில நாட்களுக்கு அது பொருந்தும். மூட்டுத் தேய்மானத்துக்கு அது பொருந்தாது.

நடுத்தர வயதைக் கடந்ததும் தசையின் அளவும் வலுவும் குறையத் தொடங்குகின்றன. பயன்படுத்தாத தசையில் இந்த இழப்பு இன்னும் வேகமாக நடக்கிறது. தொடையின் முன்புறத் தசை தளர்ந்தால், அது தாங்க வேண்டிய சுமையும் முழங்கால் மூட்டின் மேலேயே விழுவதால் வலி கூடுகிறது; வலி கூடுவதால் அசைவு குறைகிறது; அசைவு குறைவதால் தசை மேலும் தளர்கிறது. மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போதுதான் அதைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. ஓராண்டு ஓய்வுக்குப் பிறகும் வலி குறையாமல், தரையிலிருந்து எழும் வலுவும் போய்விட்டதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். சுவரோரம் அசையாத நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதற்கு 15 வினாடிகளுக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, கால் தசையின் வலு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அதே அசைவுதான் அவருக்கான முதல் பயிற்சியும். தொடக்கத்தில் கையை ஊன்றியே எழட்டும், உயரம் போதாவிட்டால் இருக்கையின் மேல் ஒரு தலையணை போடுங்கள். உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி ஐந்து வினாடி நிறுத்தி இறக்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் எட்டு அல்லது பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பயிற்சியின்போது இலேசாக வலிப்பது இயல்பு. மறுநாளும் வலி குறையாமல் இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, முதியவர்களுக்கும் வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், கீழே விழாமலிருக்க மூன்று நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த 150 நிமிடத்தை அவர் முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை. காலையும் மாலையும் பத்து நிமிடம் நடப்பதில் தொடங்கட்டும். வீட்டுவேலையும் இந்தக் கணக்கில் சேரும். கைத்தடி தேவைப்பட்டால், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள். அதனால் மூட்டின் சுமை குறைவதில்லை.

கழுத்தும் இடுப்பும் விறைப்பாக இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதை நான் வயதின் கணக்கில் மட்டும் சேர்க்க மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைவிட மிகுதியாக உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் படிந்து, முதுகெலும்பையும் மூட்டுகளையும் சுற்றியுள்ள தசைநார்கள் இறுகிவிடுகின்றன. பல்லில் பழுப்புக் கறை இல்லையே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்தவர்களுக்குத்தான் அந்தக் கறை வரும், வேறு ஊரில் பிறந்து திருமணமாகி இங்கு வந்தவர்களுக்கு வராது. நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இந்தப் பாதிப்பை மனதில் வைத்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் காவிரி நீர் உங்கள் ஊருக்கு வந்தால், குடிக்க மட்டுமல்லாமல் சோறும் களியும் ஆக்குவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதைச் சோதித்துவிடுங்கள். எலும்பில் ஏற்கெனவே படிந்ததை மருந்தால் முழுமையாக நீக்க முடியாது என்றாலும், நீரை மாற்றினால் பாதிப்பு மேலும் வளர்வதைத் தடுக்கலாம். ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் விறைப்பின் காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

உணவில் கேழ்வரகு களி இருந்தால் கால்சியம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. தசைக்கு வேண்டிய புரதம் மட்டும் அதிலிருந்து போதுமான அளவு கிடைக்காது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தேவை. களிக்குக் கீரையோடு அவரை, கொள்ளு, பச்சைப்பயறு என ஏதாவது ஒன்றும், முடிந்தால் முட்டையும் பாலும் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடிபடவில்லை என்றாலும், அவர் விழுந்ததைச் சிறிதாக எண்ண வேண்டாம். ஒருமுறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம். பயிற்சியைத் தொடங்கும் முன் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கும் மேல் குறைந்தால் தலைச்சுற்றல் வரலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள், கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கும், சுவரில் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பியும், உட்கார்ந்து எழ உயரமான இருக்கையும் இருந்தால் நல்லது. கால்கள் மரத்துப்போவது, நடையில் விறைப்பு கூடிக்கொண்டே போவது, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பயிற்சியைச் சொல்லித்தர வீட்டுக்கே ஒருவர் வந்தால் உதவியாக இருக்கும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

தோட்டத்துக்கு வருவேன் என்கிறார் அல்லவா, தடுக்காதீர்கள். குனிந்தும் குத்த வைத்தும் பறிக்கும் வேலையும், கூடை தூக்கும் வேலையும் இப்போது வேண்டாம். பறித்த தக்காளியை உயரமான மேசையில் கொட்டி, நின்றபடியும் அவ்வப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியும் தரம் பிரிக்கட்டும். பாதை சமமாக இருந்தால் தோட்டம் வரைக்கும் அவர் நடந்தே வரட்டும், நீங்கள் உடன் வாருங்கள்.