"ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? நிகழ்தகவால் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். வீடு வீடாகக் கருத்துக்கணிப்புப் படிவத்தோடு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டால், "அடுத்த தெருவுல குடுத்தாங்க தம்பி, எங்களுக்கு வரல" என்பார்கள். அடுத்த தெருவுக்குப் போனால் அங்கேயும் இதே பதில்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். பணப் பட்டுவாடாவால் 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. முன்பின் தெரியாதவனிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

தனி ஆளின் பதில் கேட்பவருக்கே தெரியாதபடி மறைத்துவிட்டு, மொத்தக் கணக்கை மட்டும் எடுக்கும் வழியை 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் சொன்னார். அதிலிருந்து வந்த எளிய முறை, நம் பூவா தலையாதான். ஒரு ரூபாய் நாணயத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் திரும்பி நிற்க வேண்டும். தலை விழுந்தால், வாங்கினாரோ இல்லையோ, "ஆமாம்" என்று சொல்லிவிட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆமாம்" என்றவர் பணம் வாங்கியவரா, தலை விழுந்தவரா என்று நமக்குத் தெரியாது.

1,000 பேரில் 620 பேர் "ஆமாம்" என்றதாக வைத்துக்கொள்வோம். தலை விழுந்து சொன்னவர்கள் சுமார் 500. மிச்சம் 120 பேர், பூ விழுந்த 500 பேரில் வாங்கியவர்கள். ஆக 24 சதவீதம். பொய் எவ்வளவு என்று தெரியாதபோது அதைக் கழிக்க வழியில்லை. நாணயம் கலந்த குழப்பம் எவ்வளவு என்று தெரியும், அதனால் கழித்துவிடலாம்.

இதற்கு விலை உண்டு. எல்லோரும் நேரடியாக உண்மை சொல்லியிருந்தால் பிழை வரம்பு, அதாவது அந்த 24 மேலேயோ கீழேயோ விலகக்கூடிய அளவு, 2.6 சதவீதப் புள்ளிதான் இருந்திருக்கும். இங்கே 6 ஆகிறது. அதே துல்லியம் வேண்டுமென்றால் ஐந்து மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும்.

எனக்குப் பெரிய சிக்கல் வேறு இடத்தில் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாணயத்தைச் சுண்டினார், பார்த்தார், என்னிடமே காட்டிவிட்டார். தலை. "வாங்காத காசை வாங்கினேன்னு நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார். நேர்மையானவர்தான், ஆனால் கணக்கு கெட்டுவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் இப்படி 40 பேர் "இல்லை" என்றால் 24 சதவீதம் 16 ஆகச் சரிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களுக்கு வார்னரின் மூல முறையே நல்லது என்பேன். ஒரு பையில் பத்துப் புளியங்கொட்டை: ஏழு கறுப்பு, மூன்று உரசி வெளுத்தவை. பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் "நான் வாங்கினேன்", வெள்ளை வந்தால் "நான் வாங்கவில்லை" என்ற வாக்கியத்துக்குச் சரி அல்லது தப்பு என்று மட்டும் சொன்னால் போதும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பிழை வரம்பு இன்னும் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. சரிபாதியாக மட்டும் கொட்டைகளைப் போட்டுவிடாதீர்கள், அப்போது வாங்கியவர்களிலும் வாங்காதவர்களிலும் பாதிப் பேர் "சரி" என்பார்கள், எதையும் பிரித்தெடுக்க முடியாது.

முதலில் "காலையில் காபி குடித்தேன்" என்ற வாக்கியத்தை வைத்து இரண்டு முறை பழக்கிவிட்டு, பிறகு பணத்துக்கு வாருங்கள்.