எலும்பு சொல்ற வயசு: கேளுங்க, சொல்றேன்

வணக்கமுங்க. நான் ரேடியாலஜிஸ்ட், பொள்ளாச்சிக்காரி, வேலை பாக்கறது பார்டர் தாண்டி கேரளாவுல சித்தூர் தாலுக்கா பக்கம். பசங்களுக்கு எலும்பை வெச்சு வயசு பாக்கறது பத்தி அடிக்கடி கேக்கறீங்க, இன்னிக்கு மொத்தமா கேட்டுருங்க.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கிரிக்கெட் ஆடற பையனோட அப்பா): டாக்டரம்மா, பையனுக்கு 14 முடிஞ்சு நாலு மாசம் ஆகுதுங்க, பிறப்பு சர்டிபிகேட் பஞ்சாயத்துல அப்பவே போட்டது. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்பு வயசு 15 வருஷம் 10 மாசம்ங்கறாங்க. நாங்க என்னமோ திருட்டு சர்டிபிகேட் போட்ட மாதிரி பாக்கறாங்க, எப்பிடிங்க இது?

பதில்: ரெண்டுமே உண்மையா இருக்கலாமுங்கண்ணா. எக்ஸ்ரேல பொறந்த தேதி தெரியறதில்ல, எலும்பு எவ்வளவு முத்திருக்குங்கறதுதான் தெரியும். முதலமடை தோப்புல ஒரே நாள்ல பூத்த மாங்கா எல்லாம் ஒரே நாள்ல பழுக்குதாங்க? மீசை சீக்கிரம் முளைச்ச பையனுக்கு எலும்பும் முன்னாடியே ஓடும், ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் முன்னபின்ன இருக்கறது நோயே கிடையாது. பிசிசிஐ 16 வயசுக்குள்ள ஆடற பசங்களுக்குப் பாக்கறது டிடபிள்யூ 3ங்கற முறை, கை மணிக்கட்டுல 13 எலும்பை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிலை, நிலைக்கு மார்க்கு, கூட்டிப் பாத்தா எலும்பு வயசு. அதுல பையனுக்கு 16.5, பொண்ணுக்கு 15 வந்தா எல்லா எலும்பும் முத்தியாச்சுன்னு கணக்கு, அதுக்கு மேல அந்த முறைக்குப் பேச்சே கிடையாது. அதனால டீம்ல சேத்தறதுக்கு இது அவங்க வெச்சிருக்கற ஒரு அளவுகோல், உங்க சர்டிபிகேட் பொய்னு தீர்ப்பு இல்லீங்க. பையன்கிட்ட அதைத் தெளிவா சொல்லிருங்க, இந்த வயசுல மனசுல போட்டு உழப்பிக்குவாங்க.

கேள்வி (வேலந்தாவளம்): அதென்னக்கா எல்லாருக்கும் இடது கைலயே எக்ஸ்ரே?

பதில்: முக்காவாசிப்பேர் வேலை செய்யறதும் அடிபடறதும் வலது கைல, அதனால இடதுன்னு வெச்சுட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்கற பட புத்தகமும் இடது கைலதான் இருக்கு. இன்னொரு சங்கதி, அந்தப் படமெல்லாம் 1931லருந்து 42 வரைக்கும் அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல வசதியான வெள்ளைக்காரப் பசங்களுக்கு எடுத்தது. கிரூலிக், பைல்னு ரெண்டு பேர் போட்ட அட்லஸ், 1959 பதிப்பை இன்னிக்கும் மேசைல வெச்சிருக்கோம். நம்ம ஆளுங்களுக்கு 1937ல கால்ஸ்டான்ங்கறவர் போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு, போலீஸ் கேஸ்ல அதைத்தான் ரொம்பப் பேர் புரட்டுவாங்க. அந்தக் காலத்துச் சாப்பாடு வேற இப்போ வேற, எனக்கு ரெண்டு மேலயுமே முழு நம்பிக்கை கிடையாது.

கேள்வி (மீனாட்சிபுரம், ஒரு அம்மா): எக்ஸ்ரே அடிக்கடி எடுத்தா கதிர் ஏறிக்காதுங்களா?

பதில்: கைக்கு ஒரு படம்னா கிட்டத்தட்ட 0.001 மில்லி சீவர்ட் (கதிரை அளக்கற கணக்கு) அம்மிணி. சும்மா உக்காந்திருக்கற மனுசனுக்கே மண்ணுலருந்தும் வானத்துலருந்தும் வருஷத்துக்குச் சராசரியா 2.4 வருது, கொல்லம் சவரா கடற்கரை மணல் பக்கம் அதுக்கும் மேல. ஒரு கை எக்ஸ்ரே, சில மணி நேரத்துல சும்மாவே நம்ம மேல வர்ற கதிர் மாதிரிதான். ஆனா காறை எலும்புக்கு (கழுத்துக்குக் கீழ தோளுக்குப் போற எலும்பு) சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னா கதிர் அதிகம், எதுக்குன்னு கேட்டுக்கங்க. எம்ஆர்ஐல கதிரே இல்ல.

கேள்வி (கோவிந்தாபுரம், குழந்தைகள் நலத்துல தன்னார்வலர்): மேடம், செக்போஸ்ட் பக்கம் பேக்கரில வேலை செஞ்ச ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தோம். அவ 16ங்கறா, முதலாளி 20ங்கறாரு, பேப்பர் ஒண்ணும் இல்ல. டெஸ்ட்ல 17 முதல் 19னு எழுதிக் குடுத்துட்டாங்க. இதை வெச்சு என்ன பண்றது?

பதில்: நல்ல கேள்விங்க, இதுலதான் நிறையப் பேர் சறுக்கறாங்க. மொதல்ல சட்டம். 2015 சிறார் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவுல வரிசையே போட்டிருக்கு: பள்ளிக்கூடம் குடுத்த பொறந்த தேதி சர்டிபிகேட் அல்லது பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட், அது இல்லைன்னா பஞ்சாயத்து முனிசிபாலிட்டி குடுத்த பிறப்பு சர்டிபிகேட், ரெண்டும் இல்லாதப்பதான் எலும்பு டெஸ்ட். குழந்தைகள் நலக் கமிட்டியோ சிறார் நீதி போர்டோ ஆர்டர் போட்டதுலருந்து 15 நாளைக்குள்ள முடிக்கணும். அதனால பேப்பர் இல்லைன்னு அவ சொன்னதோட விட்டுராதீங்க, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸ் சேந்தான்னு விசாரிங்க, தமிழ்நாட்டுப் பக்கம்னா பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும். (அந்தத் தேதியும் எவ்வளவு உண்மைங்கறது வேற கதை, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதால எங்க தலைமுறைல பாதிப்பேர் மே மாசத்துல பொறந்தவங்க! ஆனா சட்டத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடம் குடுக்கற பொறந்த தேதி சர்டிபிகேட்தான் மொதல்ல நிக்கும்.)

இனி அந்த 17-19. முழங்கை எலும்பு வளர்ச்சி முடிஞ்சு மூடியிருக்கும், அது பொண்ணுங்களுக்கு முன்னாடியே மூடிக்கும். மணிக்கட்டுல ஆரை எலும்போட (முன்னங்கைல கட்டைவிரல் பக்கத்து எலும்பு) நுனித் துண்டுக்கும் தண்டுக்கும் நடுவால ஒரு கருப்புக் கோடு ஓடும், அதுதான் குருத்து, வளர்ச்சி இருக்கற வரைக்கும் அது இருக்கும். அவளுக்கு அது மறைஞ்சு மெல்லிசா ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் தெரிஞ்சிருக்கும். இடுப்பு எலும்போட மேல் விளிம்புல தனித் துண்டு வந்திருக்கும், ஆனா ஒட்டியிருக்காது. இதெல்லாம் சேத்துத்தான் அந்த ரேஞ்ச். அதுலயும் 1982ல ஜெயமாலா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ரெண்டு பக்கமும் ரெண்டு வருஷம் பிசகலாம்னு சொல்லியிருக்கு. அதனால அவ 16ங்கறதை இந்த ரிப்போர்ட் பொய்யாக்கல, முதலாளி சொல்ற 20ஐயும் அடிச்சுத் தள்ளல. நடுவால 18னு ஒரு நம்பரைப் புடிச்சுக்கிட்டு மேஜர்னு எழுதறவங்களப் பாத்தா எனக்கு ஆத்திரம் வரும்ங்க, ரேஞ்ச்னா ரேஞ்ச்தான்.

கேள்வி (பாலக்காடு, புட்பால் கோச்): ஃபிஃபா எம்ஆர்ஐ வெச்சு வயசு கரெக்டா சொல்லிருதாமே?

பதில்: கரெக்டா இல்ல, ஒரு பக்கம் மட்டும் சொல்லும். 2009லருந்து 17 வயசுக்குள்ள வேர்ல்டு கப்புல மணிக்கட்டு எம்ஆர்ஐ பாக்கறாங்க. ஆரை எலும்போட குருத்து முழுசா மூடியிருந்தா ஆள் 17க்கு மேலன்னு முடிவு பண்ணிருவாங்க, அதுக்கு முன்னாடி முழுசா மூடறது ரொம்ப அபூர்வம். ஆனா மூடலைங்கறதால 17க்குள்ளன்னு அர்த்தம் இல்லீங்களே, 18, 19லயும் மூடாத பசங்க இருக்காங்க.

கேள்வி (நல்லேப்பிள்ளி): கம்ப்யூட்டரே இப்போ பாக்குதாம், டாக்டர் எதுக்குன்னு தம்பி கேக்கறான்.

பதில்: தம்பி கெட்டிக்காரன். 2017ல வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் ஒரு போட்டியே வெச்சுது, ஜெயிச்ச ப்ரோகிராம் சராசரியா நாலு மாசச் சொச்ச வித்தியாசத்துல எலும்பு வயசு சொல்லுச்சு. ஆனா கவனிங்க, அந்த நாலு மாசம் டாக்டருங்க படிச்சு வெச்ச எலும்பு வயசோட ஒப்பிட்டது, பொறந்த தேதியோட இல்ல. மிஷின் வேகமாப் பாக்கும், ஆளுக்கு ஆள் மாறாது, அது நல்லதுதான். பையனோட எலும்பே ஒன்றரை வருஷம் முன்னாடி ஓடுனா மிஷின் என்ன பண்ணும்?

கேள்வி (எலப்புள்ளி): ஞானப்பல் வெச்சும் சொல்லுவாங்களாமா?

பதில்: ஆமாங்க, தாடை முழுக்க ஒரே படமா எடுத்து வேர் எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு பாப்பாங்க. மத்த எலும்பெல்லாம் மூடுனப்பறம் 18 பக்கத்துல பாக்கறதுக்கு பல்லும் காறை எலும்போட உள்நுனியும்தான் மிச்சம். சிலருக்கு ஞானப்பல்லே இருக்காது, அப்போ பல்லை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): எங்க பாட்டிக்கு பென்ஷனுக்கு 60 ஆச்சான்னு எக்ஸ்ரேல பாக்க முடியுங்களா?

பதில்: முடியாது கண்ணு. இருபத்தஞ்சு தாண்டுனா குருத்தெல்லாம் மூடிக்கும், அப்பறம் தேய்மானம் மட்டும்தான் தெரியும், களை வெட்டுன கைக்கு அது நாப்பதுலயே வந்துரும்.

கேள்வி (வண்ணாமடை): பையனை நாளைக்கு வயசு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறோம், என்ன எடுத்துட்டுப் போகணுங்க்கா?

பதில்: எஸ்எஸ்எல்சி புத்தகம் இல்ல பிறப்பு சர்டிபிகேட் ஒரிஜினல், ஆதார். போலீஸ் கேஸ்னா ஆர்டர் காப்பி. தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு, வளர்ச்சி ஊசின்னு ஏதாச்சும் எடுத்திருந்தா, சின்ன வயசுல ரிக்கெட்ஸ்னு (எலும்பு வளையற நோய்) சொல்லியிருந்தா, அந்தச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க, அதெல்லாம் எலும்பு வயசை மாத்தும், கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க. அங்க உடம்புல ரெண்டு அடையாளம், மச்சம் தழும்புன்னு பாத்து எழுதி கைரேகை வாங்குவாங்க, தம்பியை அனுப்பி அண்ணனுக்கு எக்ஸ்ரே எடுத்த கூத்தெல்லாம் நடக்கும்ங்கறதால. கைல கயிறு, காப்பு இருந்தா வீட்லயே கழட்டிருங்க, படத்துல குறுக்கால விழுந்தா திரும்ப எடுக்கணும்.

(இன்னிக்கு இது போதும்ங்க, ஓபி ஆரம்பிச்சாச்சு.)