பழைய கேரவன் ஜெனரேட்டர், சுவிட்சை விட்டதும் நின்றுவிடுகிறது: போர்டு போய்விட்டதா?

போர்டுக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சினிமா ஷூட்டிங்குக்கு ஓடிய பழைய கேரவனைப் புதுச்சேரியில் வாங்கியிருக்கிறீர்கள். செல்ஃப் அடித்தால் ஜெனரேட்டர் பிடிக்கிறது, சுவிட்சிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கன்ட்ரோல் போர்டு போச்சு என்கிறார் மெக்கானிக். இதே கோளாறுக்கு நானும் ஒருமுறை போர்டைத்தான் மாற்றினேன். அது தப்பு என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர் முதுநகரில் மோட்டார் வைண்டிங் கடை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, கடை வாசலில் ஜெனரேட்டர்கள் வரிசை கட்டி நின்றன. பெரும்பாலும் பாகம் உடைந்து வந்தவை அல்ல, உப்புக்காற்றில் பூத்துப்போனவை. அப்படியிருந்தும் என் மாமா கேரவனில் கோட்டை விட்டேன்.

அவர் வண்டி தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் இரண்டு ஐப்பசி மழை பார்த்தபடி நின்றிருந்தது. "மாப்ள, செலவப் பத்திக் கவலப்படாத, சீசனுக்குள்ள ஓடணும்" என்றார். போர்டை வரவழைத்து மாட்டினேன். அதே கதை. பிறகுதான் ஆல்டர்னேட்டரின், அதாவது எஞ்சின் சுற்றக் கரண்ட் உண்டாக்கும் பாகத்தின், பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே சுற்றும் ரோட்டார் சுருளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஸ்லிப் ரிங் வளையங்கள் இரண்டும் பச்சையும் கறுப்புமாக இருந்தன, நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. ரிங்கை உரசி நிற்க வேண்டிய கார்பன் கட்டைகளில் ஒன்று, ஸ்பிரிங் துருவேறி, கூட்டுக்குள்ளேயே இறுகிப்போய் ரிங்கைத் தொடாமல் ஒரு தாள் கனம் தள்ளி நின்றது. அந்தத் தாள் கனத்துக்குத்தான் மாமாவின் பணத்தைக் கரைத்திருந்தேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், சுவிட்சை அழுத்தியிருக்கும்வரை டீசலைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வுக்கு பேட்டரியிலிருந்தே கரண்ட் போகும், அதனால் எஞ்சின் பிடிக்கும். கையை எடுத்ததும் இந்த மாதிரிப் பழைய செட்டுகளில் போர்டு ஒன்றைத்தான் பார்க்கும்: ஆல்டர்னேட்டர் கரண்ட் தருகிறதா, இல்லையா? இல்லை என்றால் டீசலை நிறுத்திவிடும். அதாவது போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்கூட எஞ்சின் அணையலாம்.

ஆகவே முதல் சோதனை மீட்டரில். ஏர் கண்டிஷனர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஜெனரேட்டரின் அவுட்புட்டில் மாட்டுங்கள். ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும், எஞ்சின் பிடித்தபின் இரண்டு மூன்று விநாடி மட்டும். அதற்கு மேல் அழுத்தினால் ஸ்டார்டர் கெட்டுவிடும். அந்த நேரத்தில் 230-ஐ ஒட்டி வந்தால் ஆல்டர்னேட்டர் நலம். அடுத்து போர்டுக்குப் போகும் சிக்னல் வயரையும், ஆயில் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் ஆயில் பிரஷர் சுவிட்சையும் பாருங்கள், அப்புறம்தான் போர்டு. வெறும் இரண்டோ ஐந்தோ வோல்ட் காட்டினால் ரோட்டாருக்கு, அதைக் காந்தமாக்கும் கரண்ட் (எக்சைட்டேஷன்) போகவில்லை. கார்பன், ஸ்லிப் ரிங், ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர்) பக்கம் போங்கள்.

மூடியைத் திறக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், வெளியிலிருந்து வரும் கரண்ட் பிளக்கையும் உருவிவிடுங்கள். ரிங்கை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். எமரி வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தும். கார்பனைத் தூக்கிவிட்டு இரண்டு ரிங்குக்கும் இடையே ஓம் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் ஏதாவது ஒரு அளவு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ரோட்டார் வைண்டிங் அறுந்திருக்கிறது. ரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறவில்லை என்றால், நெடுநாள் நின்றதில் ரோட்டாரின் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். 12 வோல்ட் கொடுத்து அதைத் திரும்ப ஏற்றலாம், ஆனால் அதை வைண்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எர்த் வயரையும் பாருங்கள். சேஸிஸில் போல்ட் போட்ட இடம் கடற்கரை வண்டிகளில் பெயின்டுக்கு அடியிலேயே துருப்பிடித்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் ஜெனரேட்டர் பாடிக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைச் சுரண்டி மறுபடி இறுக்க வேண்டும். ஆயில் அளவை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்திப் பாருங்கள். டீசல், வண்டியின் டேங்கிலிருந்தே வருகிறதென்றால் கால் டேங்குக்குக் கீழ் ஜெனரேட்டர் இழுக்காமல் போகலாம். வண்டி நடுரோட்டில் நின்றுவிடக் கூடாதென்று அந்தக் குழாயை வேண்டுமென்றே உயரத்தில் வைப்பதுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் சைலன்சர் குழாயையும், ஜெனரேட்டர் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டையும் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. உப்புக்காற்று வயரைத் தின்றதுபோலவே தகட்டையும் தின்றிருக்கும். ஓட்டை இருந்தால் அடையுங்கள், கேபினில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். அப்போதும் ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே தூங்காதீர்கள்.

சுவிட்சை அழுத்தியிருக்கும்போது எத்தனை வோல்ட் வந்தது என்று கீழே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைத் திறக்கலாம் என்று சொல்கிறேன்.